சோயா சக்கை, பீர் சக்கையில் சைலேஜ் போடுவது எப்படி? லிம் சூ காங் கொட்டகைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சோயா சக்கை லாரியிலிருந்து இறங்கும்போது கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். சோயா பாலும் தவ்வும் (டோஃபு) செய்கிற இடத்தில் விடியற்காலையில் பிழிந்து போட்டது, ஏழு மணிக்கெல்லாம் கொட்டகைக்கு வந்துவிடும். வேகவைத்த பயறு மாதிரி வாசனை. மாடுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். அதே குவியலுக்குள் மாலை நான்கு மணிக்குக் கையை விட்டுப் பாருங்கள், காலையில் இருந்ததைவிடச் சூடு ஏறியிருக்கும். மறுநாள் காலை பிசுபிசுப்பு, புளித்த நெடி, மேலே ஈ. அதற்கடுத்த நாள் மாட்டின் முன்னால் போடவே கூடாது.

சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் மாட்டுக் கொட்டகையிலும் ஆட்டுப் பண்ணையிலும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காக, இந்தச் சக்கையைச் சைலேஜாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த தீவனமாக மாற்றிக் கெடாமல் வைப்பது எப்படி என்று எழுதுகிறேன். இங்கே சில வருடம் உழைத்துவிட்டு ஊரில் நாலு கறவை கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

சிங்கப்பூரில் விவசாயத்துக்கென்று இருக்கும் நிலம் மொத்தத்தில் சுமார் 1 சதவீதம்தான். மேய்ச்சலுக்கு இடமே இல்லை. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் புல்லும் தண்ணீரும் இருந்ததால்தான் மாட்டு வியாபாரம் அங்கே தழைத்தது. தேக்கா பக்கத்து பஃபலோ ரோடும், எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும் அந்த நாளின் மிச்சம். மாடுகளைச் சுற்றி மாவரைக்கும் கூடங்களும் எண்ணெய் ஆலைகளும் வந்தன. தவிடும் புண்ணாக்கும் பக்கத்திலேயே கிடைத்தால் மாடு வைத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை. உலர்ந்த புல்லைக் கப்பலில் வரவழைக்க வேண்டும், விலை அதிகம். இந்த ஊரிலேயே நாள் தவறாமல் கிடைப்பது தொழிற்சாலைகளின் சக்கைதான். அதைக் கெடாமல் வைக்கத் தெரிந்தால் தீவனச் செலவு பாதி கைக்குள் வந்துவிடும்.

சைலேஜ் என்றால்

நம் ஊரில் ஊறுகாய்ப் புல் என்பார்கள், சரியான பெயர். தீவனத்தை நெருக்கமாக அமுக்கி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அதில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். பாலைத் தயிராக்குவதும் இதே இனத்துக் கிருமிகள்தான். புளிப்பை அளக்கும் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்கிவிட்டால் அழுக வைக்கும் கிருமிகளால் அங்கே பிழைக்க முடியாது. மூடி திறக்காத வரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இதற்கு மூன்று வேண்டும்: அளவான ஈரம், கொஞ்சம் சர்க்கரை, காற்று இல்லாத இடம். புல்லில் சைலேஜ் போடுபவர்களுக்குக் காற்றை வெளியேற்றுவதே பெரிய வேலை. சக்கையில் போடும் நமக்கு ஈரம்தான் பெரிய வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வரும்.

எந்தச் சக்கை, எவ்வளவு நல்லது

சோயா சக்கையில் 100 கிலோவுக்குச் சுமார் 80 கிலோ தண்ணீர்தான். மீதி 20 கிலோவில் கால் பங்குக்கு மேல் புரதம், பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. இவ்வளவு சத்துள்ள பொருள் இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது. குறை என்னவென்றால் இதில் சர்க்கரை குறைவு. தனியாகப் போட்டால் அமிலம் ஏறாது.

இன்னொன்று முக்கியம். சில இடங்களில் சோயாவைப் பச்சையாக அரைத்துப் பிழிந்துவிட்டு, அப்புறம் பாலை மட்டும் காய்ச்சுவார்கள். அந்தச் சக்கை வேகாத சக்கை. அதில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கும். அசைபோடும் பெரிய மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, இளங்கன்றுக்கு ஆகாது. வேகாத சோயாவில் யூரியாவை உடைக்கும் என்சைமும் உண்டு. ஊரில் வைக்கோலுக்கு யூரியா தெளித்துப் பழகிய கை இங்கேயும் அதைச் சேர்க்க நினைக்கும். சேர்க்காதீர்கள். யூரியா வேகமாக உடைந்து அம்மோனியா கிளம்பி மாட்டுக்கு நஞ்சாகிவிடும்.

பீர் சக்கை என்று நாம் சொல்வது பார்லியை ஊறவைத்துச் சாறெடுத்த பிறகு மிஞ்சும் தோலும் நாரும். ஈரமும் புரதமும் ஏறத்தாழ சோயா சக்கை அளவுதான், நார் அதிகம். இதில் சாராயம் இருக்குமா என்று புதியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். இருக்காது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதற்கு முன்னாலேயே இந்தச் சக்கையை வடித்து எடுத்துவிடுகிறார்கள்.

அன்னாசித் தோல், பழம் வெட்டும் இடங்களில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். புரதம் மிகக் குறைவு, தண்ணீர் அதிகம். ஆனால் சர்க்கரை நிறைய உண்டு, அதற்காகவே சேர்க்க வேண்டும். சோயாவில் இல்லாததை இது கொடுக்கிறது.

உணவங்காடி நிலையங்களில் கரும்புச் சாறு பிழிந்த சக்கை கிடைக்கும். செரிமானம் மிகக் குறைவு. ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் போடலாம், சத்துக்காக நம்ப வேண்டாம். நீளமாக விட்டால் ட்ரம்மில் இடைவெளி விழுந்து காற்று தங்கிவிடும்.

தேங்காய்ப் பால் எடுத்த துருவலை நான் சேர்ப்பதில்லை. கொழுப்பு மிஞ்சி நிற்கும், இந்த வெக்கையில் சிக்கு வாடை அடித்துவிடும். மொத்தத் தீவனத்தில் கொழுப்பு அதிகமானால் மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் நார் செரிப்பதும் குறையும். முட்டைக்கோஸ், கீரைக் கழிவு முழுக்கத் தண்ணீர், அன்றன்றைக்கே போட்டு முடிக்கலாம். சாப்பாட்டுக் கடை எச்சில் எந்த வடிவத்திலும் வேண்டாம். அதில் இறைச்சியும் எலும்பும் கலந்திருக்கும், அசைபோடும் பிராணிக்கு அது போகவே கூடாது.

ஈரத்தை உறிஞ்சும் காய்ந்த பொருளாகக் கோதுமைத் தவிடோ செம்பனைப் புண்ணாக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைப் புண்ணாக்கு மலேசியாவிலிருந்து வருவது, விலை படியும், புரதம் சுமார் 16 சதவீதம். ஆனால் அதில் தாமிரம் அதிகம். மாட்டுக்குக் கொடுக்கலாம். வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறிக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஈரலில் தாமிரம் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் சட்டென்று விழுந்துவிடும்.

நேப்பியர் புல்லை வேலியோரம் வளர்த்திருந்தால் ஆறு ஏழு வாரத்தில் அறுத்து, 2 முதல் 3 சென்டிமீட்டராக நறுக்கிச் சேருங்கள். அரை நாள் வெயிலில் வாட்டுவது நல்லது. டிசம்பர், ஜனவரி மழையில் வாட்ட வழி இருக்காது. அப்போது புல்லைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டுங்கள். ஜொகூர் பக்கம் புல் மலிவு என்று யாராவது சொன்னால் தானாக ஏற்பாடு செய்யாதீர்கள். எல்லை தாண்டித் தீவனம் வர அனுமதி வேண்டும், கோமாரி நோய்க் கிருமி புல்லோடும் வரும். எந்தச் சக்கையை எங்கிருந்து எடுக்கலாம் என்பதற்கும் விதிமுறை உண்டு. சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடைப் பிரிவிடமும் முதலாளி கேட்டுத் தெளிந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கைப்பிடி பார்ப்பது

நான் சேர்ந்த வருடம் என்னை நம்பி ஆறு ட்ரம் கொடுத்தார்கள். நீர் சொட்டும் சோயா சக்கையை அப்படியே அள்ளிப் போட்டு, மேலே கொஞ்சம் புல் வைத்து மூடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். சட்டையில் ஒட்டிய வாடை இரண்டு துவைப்புக்கும் போகவில்லை. ஆறு ட்ரம்மும் குப்பைக்குப் போயிற்று.

அன்று கொட்டகையில் எல்லாருக்கும் மூத்த மன்னார்குடி அண்ணன் ஒருவர் என்னைத் திட்டவில்லை. புதிதாகக் கலந்த தீவனத்தில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“நல்லா இறுக்கிப் பிடி தம்பி. முப்பது எண்ணு.”

எண்ணினேன். விரல் இடுக்கில் வெள்ளையாக நீர் வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது.

“இது நாறப்போற ட்ரம். தவிடு போடு.”

தவிட்டைப் போட்டுக் கிளறி மறுபடி பிடித்தேன். இந்த முறை நீர் வரவில்லை, கை மட்டும் ஈரம். விரலைத் திறந்ததும் உருண்டை ஒரு கணம் அப்படியே நின்றது, அப்புறம் மெல்ல விரிந்து உதிர்ந்தது.

“இதான்.”

அந்த உருண்டை மெல்ல உதிர்ந்தால் ஈரம் 65 முதல் 70 சதவீதம் என்று பொருள். நீர் சொட்டினால் 75க்கு மேல். கையைத் திறந்த உடனே பொலபொலவென்று கொட்டினால் காய்ந்துவிட்டது, இறுக்கி அமுக்க முடியாது, காற்று நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

ஆரம்பத்தில் கைக்கு நம்பிக்கை வராது. மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கலவையைத் தட்டில் பரப்பி, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, இரண்டு மூன்று நிமிடமாகச் சூடாக்கி எடை போடுங்கள். எடை மேலும் குறையாமல் நிற்கும்போது எத்தனை கிராம் இருக்கிறதோ அதுவே உலர் பொருள் சதவீதம். 30 முதல் 35 கிராம் வந்தால் சரி. சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பில் செய்யாதீர்கள், வாடை போகாது.

கலவை

நான் வழக்கமாகப் போடும் கணக்கு இது. சோயா சக்கை 50 கிலோ, நறுக்கிய நேப்பியர் 30 கிலோ, செம்பனைப் புண்ணாக்கு 20 கிலோ. சக்கையில் உலர் பொருள் 10 கிலோ, புல்லில் 6, புண்ணாக்கில் 18, ஆக மொத்தம் 34. நூற்றுக்கு 34, அதாவது ஈரம் 66 சதவீதம். இதற்கு 3 கிலோ மொலாசஸை (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு) 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். மொலாசஸ் இல்லாத நாளில் புல்லில் 15 கிலோ குறைத்து அன்னாசித் தோல் 15 கிலோ போடுகிறேன். தோல் புல்லைவிட ஈரம் என்பதால் இரண்டு கிலோ தவிடு கூடச் சேர்க்க வேண்டியிருக்கும், கைப்பிடி சொல்லும்.

பீர் சக்கை கிடைத்தால் சோயா இருக்கும் இடத்தில் அதே அளவு போடலாம். செம்மறிக்கும் வேண்டுமென்றால் புண்ணாக்கை எடுத்துவிட்டு முழுக்கக் கோதுமைத் தவிடு.

கலக்கும்போது தரையில் தார்ப்பாய் விரித்து, முதலில் காய்ந்தது, மேலே ஈரமானது, அதன்மேல் மொலாசஸ் நீர் என்று அடுக்கி, மண்வெட்டியால் மூன்று தடவை புரட்டுங்கள். மண் படக்கூடாது. மண்ணோடு வரும் கிருமிதான் அந்த வெண்ணெய் நாற்றத்துக்கு விதை.

ட்ரம்மில் அடைப்பது

பெரிய குழி, பெரிய மூட்டை இதெல்லாம் இங்கே வேண்டாம். இந்த வெப்பத்தில் ஒரு முறை திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும். அதனால் உங்கள் கொட்டகை இரண்டு நாளில் தின்னும் அளவுக்கு ஒரு ட்ரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 லிட்டர் நீல ட்ரம், வளையம் போட்டு இறுக்கும் மூடி உள்ளது, சரியாக இருக்கும். நன்றாக மிதித்தால் 80 கிலோவுக்கு மேல் கொள்ளும். 60 கிலோவிலேயே நிரம்பிவிட்டால் உள்ளே காற்றுதான் அதிகம்.

உள்ளே கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விரியுங்கள். ஒரு சாண் உயரத்துக்குக் கலவையைப் போட்டு மிதியுங்கள், ஓரங்களை விடாமல். கால் வைக்க இடமில்லாத ட்ரம் என்றால் தடித்த கட்டையால் இடியுங்கள். மறுபடி ஒரு சாண், மறுபடி மிதி. விளிம்பு வரை நிரப்பி, பையின் கழுத்தை முறுக்கிக் காற்றை வெளியே தள்ளிக் கட்டி, மூடியைப் பூட்டுங்கள். ஒரு ட்ரம்மை ஆரம்பித்தால் அன்றைக்கே முடித்து மூட வேண்டும். நாளைக்கு மீதியை நிரப்பலாம் என்று விட்டது எதுவும் உருப்பட்டதில்லை.

மூடிமேல் தேதி, கலவை, எடை மூன்றையும் எழுதுங்கள். நிழலில், எலி ஓட்டை போடாத இடத்தில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் உள்ளே வாயு சேர்ந்து மூடி உப்பலாம். உப்பினால் வளையத்தை ஒரு நொடி தளர்த்தி வாயுவை விட்டு உடனே இறுக்குங்கள், குனிந்து முகர வேண்டாம். அதற்கப்புறம் தொடக்கூடாது. குறைந்தது 21 நாள், நான் ஒரு மாதம் விடுவேன்.

கசியும் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் மிஞ்சிய சைலேஜிலிருந்து பழுப்பாக ஒரு சாறு வடியும். அது தண்ணீரில் கலந்தால் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடும், மீன் செத்துப்போகும். லிம் சூ காங் வடிகால்கள் நீர்த்தேக்கங்களைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. கிராஞ்சி, சரிம்பூன், முராய் எல்லாம் நாம் குடிக்கிற தண்ணீர். ஒரு வாளி சாறுகூட மழைக்கால்வாய்க்குப் போகக்கூடாது. ட்ரம்முக்கு அடியில் தட்டு வையுங்கள், சாறு வந்தால் சாணக் குழியில் ஊற்றுங்கள், அடுத்த கலவையில் தவிட்டைக் கூட்டுங்கள்.

திறந்ததும்

முதலில் மூக்கு. நல்ல சைலேஜ் தயிரும் பழமும் கலந்த மாதிரிப் புளிப்பாக மணக்கும். நிறம் இளமஞ்சள் கலந்த பச்சை அல்லது வெளிர் பழுப்பு. விரலில் தேய்த்தால் நார் நாராக இருக்கும், குழையாது. பிஎச் தாளை வைத்தால் 3.8 முதல் 4.2 காட்டும்.

வினிகர் நெடி தூக்கலாக இருந்தால் மாடு முகம் சுளிக்கும், கெடுதல் இல்லை, மற்றத் தீவனத்தோடு கலந்து போடலாம். சாராய வாடை என்றால் ஈஸ்ட் ஏறியிருக்கிறது, அந்த ட்ரம் ஒரே நாளில் சூடாகிவிடும், அன்றைக்கே முடியுங்கள். கருகிய புகையிலை மாதிரி மணந்து கரும்பழுப்பாக இருந்தால் காற்றுப் புகுந்து சூடேறியது, புரதம் வீணாகியிருக்கும். வெண்ணெய் கெட்ட நாற்றம், குழகுழப்பு என்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பூஞ்சணத்தில் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். மேலே கொஞ்சம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதையும், அதற்குக் கீழே ஒரு சாண் வரையும் எடுத்து எறியுங்கள். பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக உள்ளே இறங்கியிருந்தால் முழு ட்ரம்மும் போகட்டும். சில பூஞ்சணங்களின் அஃப்லாடாக்சின் நஞ்சு மாட்டின் உடம்பு வழியாகப் பாலிலும் வரும். அந்தப் பால் எந்த வீட்டுக் குழந்தைக்குப் போகிறதோ நமக்குத் தெரியாது. ஆடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சரியாகப் புளிக்காத சைலேஜில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி வளரும். ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்து வட்டமாகச் சுற்றினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், சைலேஜை நிறுத்துங்கள்.

கொடுக்கும் முறை

பெருவயிற்றில் இருக்கும் கிருமிகள் புதுத் தீவனத்துக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கறவை மாட்டுக்கு முதல் நாள் 2 கிலோ, தினமும் கொஞ்சம் கூட்டி 15 கிலோ வரை போகலாம். 400 கிலோ மாடு ஒரு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர் பொருள் தின்னும். இந்தச் சைலேஜ் 15 கிலோவில் அதில் 5 கிலோ கிடைத்துவிடும். மீதிக்கு நீளமான உலர்ந்த புல் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அசைபோடுவது குறைந்துவிடும். வெள்ளாட்டுக்கு 200 கிராமில் ஆரம்பித்து ஒன்றரை கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கும் குட்டிக்கும் வேண்டாம். தாது உப்புக் கலவை தனியாக எப்போதும் போல.

பால் கறந்த பிறகு போடுங்கள். கறப்பதற்கு முன் போட்டால் வாடை பாலில் இறங்கும், வாங்குபவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் தின்னாமல் தொட்டியில் மிஞ்சியதை வழித்து எடுத்துவிடுங்கள். காலையில் சாணத்தைப் பாருங்கள். தளர்ந்து குமிழ் விட்டிருந்தால் அளவைப் பாதியாக்கி உலர்ந்த புல்லைக் கூட்டுங்கள். அதில் முழுப் பார்லித் தோலாகத் தெரிந்தால் நறுக்கியது போதவில்லை என்று நினைக்க வேண்டாம், பீர் சக்கையில் அது இயல்பு.

ஊருக்குப் போய்ச் செய்யப் போகிறவர்களுக்கு இதே முறைதான், பொருள் மட்டும் மாறும். சேலம், நாமக்கல் பக்கம் சவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) கிடைக்கும், அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. அதனால் காய்ந்த கடலைக்கொடியை நறுக்கிச் சேருங்கள். கரும்பு வெட்டு நடக்கும் ஊர்களில் வயலிலேயே எரிக்கும் தோகையின் பச்சை நுனியை நறுக்கிப் போட்டால் மொலாசஸே தேவைப்படாது. மரவள்ளித் தோலைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், அதில் சயனைடு உண்டு. சைலேஜாகப் புளித்தால் அது பெருமளவு குறையும். எதைப் போட்டாலும் மூடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து முப்பது எண்ணிவிட்டு மூடுங்கள்.